இரண்டு தடவை பூசிய சுவர்

இந்த வருடம் விரிவுரையாளர்களாகப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் என் களப்பயண அனுபவம் எதையாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். ஓய்வு பெற்றவர்களைப் பேசவிட்டால் தாங்கள் செய்த கெட்டித்தனங்களைத்தான் அடுக்குவார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். என்னிடம் அப்படிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பிழை இருக்கிறது. அதைத் தருகிறேன்.

நான் பிறவிக் கவலைக்காரி. பஸ் நேரத்துக்கு வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை. உனக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்றால் அதற்காகவும் ஒரு மணித்தியாலம் கவலைப்படுவாய் என்று என் கணவர் கேலி செய்வார். இப்படிப்பட்டவளைத்தான் சுற்றாடல் கற்கைநெறியின் ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். கேள்விக்கொத்து தயாரிப்பது, வரைபடத்தில் குறிப்பது, மண் மாதிரி எடுப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

வெளியில் சொல்லும்போது, ஐந்து துறைகள் ஒன்றுசேர்ந்து சுற்றாடலைப் படிக்கின்றன என்போம். உள்ளே வந்து பார்த்தால் ஐந்து துறையும் ஒரே பஸ்ஸில் போகும், அவ்வளவுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் புறப்படும்போதே மண்ணியல் பிள்ளைகள் சுத்தியலோடு பின் சீட்டைப் பிடித்துவிடுவார்கள். தாவரவியல் பிள்ளைகள் ஜன்னலோரம். பொறியியலும் பொருளியலும் நடுவில் ஆளுக்கொரு பக்கம். என் சமூகவியல் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து சாரதியோடு பேசிக்கொண்டு வருவார்கள். சோற்றுப் பார்சலைக்கூடத் துறைவாரியாகத்தான் பிரிப்பார்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு துறையும் தன் அத்தியாயத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கும். நான் இரண்டு பக்கத்துக்கு ஓர் இணைப்புரை எழுதி எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிப்பேன். ஸ்டேப்ளர் அடித்தால் பல்துறை ஆய்வு ஆகிவிடும் என்று நாங்கள் மனதார நம்பினோம். அத்தியாயங்களை முழுதாகப் படிக்காமலே இணைப்புரை எழுதும் வித்தையும் எனக்குக் கைவந்திருந்தது. முதல் பந்தியும் கடைசிப் பந்தியும் பார்த்தால் போதும்.

நான் சொல்லப்போவது ஓய்வுக்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. அந்த முறை பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போனோம். சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மேல் லயத்தில் பன்னிரண்டு வீடு, கீழ் லயத்தில் பத்து. இரண்டுக்கும் நடுவில் போஞ்சியும் கோவாவும் போட்ட காய்கறித் தோட்டத்துண்டுகள். மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் எங்கள் தலைப்பு.

தீபாவளி முடிந்து இரண்டாவது கிழமை அது. வீடுகளெல்லாம் புதுப் பெயிண்டில் இருந்தன. நீலம், ரோஸ், கிளிப்பச்சை. மழைக்கால மூட்டத்தில் அந்த நிறங்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் பத்து வயது வரை லயத்தில் வளர்ந்தவள்தான். பிறகு அப்பாவுக்குக் கம்பளையில் கடை வேலை கிடைத்து அங்கே போனோம். அதனால் இந்தப் பயணங்களில் தமிழில் பேசுவதெல்லாம் என் பொறுப்பு. வேலை தொடங்குமுன் எல்லோரையும் கோயிலுக்கு முன்னால் கூட்டி, சம்மதப் பத்திரத்தை உரத்து வாசித்தேன். நீங்கள் சொல்வது எங்கள் படிப்புக்கு மட்டும்தான், தோட்டத்துக்கோ அரசாங்கத்துக்கோ உங்கள் பேரோடு, வீட்டு நம்பரோடு ஒருநாளும் சொல்லமாட்டோம் என்று அதில் இருந்தது. அந்த வசனத்தை மொழிபெயர்த்தவளும் நானே. அழுத்தமாக வேறு வாசித்தேன்.

மேல் லயத்தில் ஏழாம் நம்பர் வீட்டில் புஷ்பம் இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மூத்த மகனும் அங்கேயே. வீட்டில் அவரும் மகளும் மட்டும். மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என் மாணவி ரிஸ்வானா, அக்குறணைப் பிள்ளை, நாங்கள் அங்கே இருந்த மூன்று நாளும் புஷ்பத்தின் குசினியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரொட்டி சுடவும் பழகிக்கொண்டாள், கதையும் கேட்டாள். கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினாள்.

மண்ணியல் பிள்ளைகள் வீடு வீடாகச் சுவரையும் தரையையும் பார்த்தார்கள். அவர்களுடைய விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கல்லையே பார்க்கும் ஆசிரியர் என்று பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கல் சேர். கவனமான மனிதர். பார்க்காத ஒன்றை எழுதமாட்டார். அவர் குழு தயாரித்த ஒரு பக்கச் சுருக்கத்தில், சுவர்களில் வெடிப்பு இல்லை, வெளிப்படையான நில அசைவு இல்லை என்று இருந்தது. ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன். மரியாதைக்காக ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் ஒன்றைத் தோட்டத்துக்கும் அனுப்பிவைத்தோம். யாருடைய பெயரும் அதில் இல்லை, ஆகவே வாக்கும் மீறப்படவில்லை என்று எனக்கு ஒரே திருப்தி.

அடுத்த கிழமை ரிஸ்வானாவின் கட்டுரை வந்தது. கையில் வசதி இல்லாதபோதும் இந்த மக்கள் தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், சில வீடுகளில் இரண்டு தடவைகூட அடித்திருக்கிறார்கள், இது தன்மானத்தின் வெளிப்பாடு என்று எழுதியிருந்தாள்.  லயத்துப் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்களைப் பற்றி யாராவது இப்படி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ‘அருமை’ என்று எழுதி, நான் வழக்கமாகக் கொடுக்காத அளவு புள்ளி போட்டேன். பின்னிணைப்பாக அவள் வைத்த கொப்பியை நான் திறக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் மழை பிடித்தது. விடாத மழை. மூன்றாம் நாள் மதியம், கம்பளை வீதியில் ஆறு ஏறிவிட்டது, அங்கேயே இரு என்று கணவர் போன் எடுத்தார். பன்வில பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள் நிறத்தில்தான் இருந்தது. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள் என்று அர்த்தம். வீட்டை விட்டு எழும்புங்கள் என்று அர்த்தமில்லை. போக வழி இல்லாமல் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோதுதான், வேறு வேலை இல்லாததால், அந்தக் கொப்பியை எடுத்தேன். கடமை உணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் ஓடியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

கொப்பியின் நடுவில் புஷ்பம் சொன்னதை ரிஸ்வானா அப்படியே எழுதியிருந்தாள்: “தீபாவளிக்குப் பூசினோம். பூசினது நிக்கல. பொறகு சீமெந்து வச்சு மறுபடியும் பூசினோம். நாங்களும், அஞ்சு, ஆறு, எட்டுக் காம்பராக்காரங்களும்.” அதற்குக் கீழே அவளுடைய குறிப்பு: பெயிண்டின் தரம் குறைவு போலும்.

நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பெயிண்ட் நிற்கவில்லை என்றால் சுரண்டிவிட்டு மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள். சீமெந்து வைக்கமாட்டார்கள். எங்கள் லயத்தில் சீமெந்து வைத்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருந்தது. சுவர் வெடித்தால் சீமெந்து குழைத்து அடைத்து, மேலே பூசி, ஒரு சாமிப் படத்தையும் மாட்டிவிடுவோம். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது, முக்கியமாக எழுதுகிற ஆட்கள் கண்ணில் படக்கூடாது. இது அக்குறணைப் பிள்ளைக்குத் தெரியாது. கல் சேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் ‘அருமை’ என்று எழுதியிருந்தேன்.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு கல் சேரின் அறைக்குப் போனேன். அவர் வீட்டு நம்பர்களை ஒரு தாளில் எழுதினார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

“இது நாலு வீட்டுப் பிரச்சினை இல்லை அக்கா,” என்றார். “ஒரு கோடு. மேலை எங்கையோ நிலம் கிழிஞ்சிருக்கு. நாங்கள் சுவரைத்தான் பாத்தனாங்கள், பூச்சைப் பாக்கேல்லை.”

மலை விழுமா என்று கேட்டேன். போய்ப் பார்க்காமல் சொல்லமுடியாது என்றார். போய்ப் பார்க்க வழியும் இல்லை, இடையில் இரண்டு இடத்தில் பாதை அடைபட்டிருந்தது. பத்து தடவை கேட்டாலும் அவர் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பார். அவருடைய துறைக்கு அந்த நேர்மை வேண்டும். ஆனால் அன்று பின்னேரம் அந்த நேர்மையைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது.

புஷ்பத்தின் போன் நம்பர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டதும், நல்லாத்தான் இருக்கு மிஸ் என்றார். நானும் லயத்தில் பிறந்தவள்தான், பெயிண்ட் நிற்காவிட்டால் யாரும் சீமெந்து வைக்கமாட்டார்கள் என்றேன். அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு நடுவே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகுதான் உள்ளதைச் சொன்னார்.

“காலையில மறுபடியும் தொறந்திருக்கு மிஸ். ரெண்டு வெரலு போகுது.”

இதைக் கீழ் லயத்துக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் நேரே தோட்டத்து ஆபிசுக்குப் போய்விடுவார்கள். நாலு வீட்டுக்காரர்களும் பேசி முடிவெடுத்துத்தான் மறைத்திருக்கிறார்கள். ஏன் என்றும் அவரே சொன்னார்.

“மூணு வருசத்துக்கு முந்தி இப்படித்தான் வந்து எழுதிட்டுப் போனாங்க. ரெண்டு மாசம் ஸ்கூல் ஹோல்ல கெடந்தோம். மலையும் விழல, ஒண்ணும் விழல. எம் மவன் படிப்பு அதோட போச்சு. இப்ப மகளுக்குப் பரீட்சைக்கு மூணு கிழமைதான் இருக்கு. அது முடியட்டும் மிஸ். முடிஞ்சதும் நாங்களே போய்ச் சொல்லிடுறோம்.”

உடனே மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போங்கள் என்றேன். கோயில் தனி மேட்டில் இருந்தது. போகிறோம் என்றார். மற்ற மூன்று வீட்டையும் கூட்டிக்கொண்டு போய், மழை விட்டதும் திரும்பி வந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யார்கிட்டயும் சொல்லிராதீங்க மிஸ். நீங்கதான வாசிச்சுக் காட்டினீங்க, வீட்டு நம்பரோட சொல்ல மாட்டோம்னு,” என்றார்.

சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன் என்றும் சொல்லவில்லை. “பாக்குறேன்” என்றேன். தமிழில் அதைவிடக் கோழைத்தனமான சொல் இல்லை.

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் நான் ஒன்றும் செய்யவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நாலு வீட்டுக்காரர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள். ஆனால் சரிவு வந்தால் அது முதலில் போய் விழுவது கீழ் லயத்தில். அங்கே பத்துக் குடும்பம் ஒன்றும் தெரியாமல் அந்திச் சமையலுக்கு அடுப்பு மூட்டப்போகிறது. சொன்னால், நம்பி வாய் திறந்த ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். மலை விழாவிட்டால் அந்த மகளின் பரீட்சையைக் கெடுத்தவளும் நானே. சொல்லாமல் விட்டு மலை விழுந்தால் அதற்கு மேல் நான் எப்படி இருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் தலைவருக்கு எடுத்தேன். மழைக்கு அவருடைய லைன் போய்விட்டது, கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கேட்க ஆள் இல்லாததால் முடிவெடுக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அது.

கல் சேர் வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு கோப்பை தேநீர். ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“விழுமோ எண்டு என்னாலை சொல்லேலாது அக்கா. ஆனா கீழ் லயத்திலை என்ரை பிள்ளையள் இருந்தால், இண்டைக்கு அங்கை படுக்க விடமாட்டன்.”

தேநீர் ஆறிப்போனது. நான் பிரதேச செயலகத்துக்கு எடுத்தேன்.

அனர்த்தப் பிரிவில் இருந்த அலுவலர் மூன்று நாளாக வீட்டுக்குப் போகாதவர், குரலிலேயே தெரிந்தது. சிங்களத்தில் பேசினோம். விஷயத்தைச் சொன்னதும், கொஞ்சம் பொறுங்கள் மெடம் என்று கடதாசிகளைப் புரட்டினார். உங்கள் தாள் என் மேசையில்தான் இருக்கிறது, வெடிப்பு இல்லை என்று நீங்களே கையெழுத்து வைத்திருக்கிறீர்களே என்றார். கோபமாக இல்லை, குழப்பமாகத்தான் கேட்டார். அந்தத் தாள் பிழை என்றேன். நான் கையெழுத்து வைத்த ஒன்றை என் வாயாலேயே பிழை என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

அடுத்ததாக அவர் எந்த வீடு என்று கேட்டார். போன தடவை ஏற்றிக்கொண்டு போய் ஒன்றும் நடக்காததால், இந்த முறை கண்ணால் காட்டாமல் ஒரு குடும்பமும் எழும்பாது, எனக்கு நம்பர் வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏழு என்று மட்டும் சொன்னால் புஷ்பம் தனியாக அகப்பட்டுக்கொள்வார், நாலையும் சொன்னால் நாலோடு ஒன்றாகப் போய்விடும் என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு புத்தி. நாலு நம்பரையும் கொடுத்தேன். கொப்பியும் கையுமாக மூன்று நாள் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தது எந்த வீட்டில் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அது என் புத்திக்கு எட்டவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு அந்த அலுவலரே சொன்னார். கிராம சேவகரோடும் இரண்டு பொலிஸாரோடும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கீழ் லயத்து ஆட்கள் எழும்ப மறுத்தார்கள். அதனால் அவர்களில் நாலைந்து பேரை மேலே கூட்டிப்போய், ஏழாம் நம்பர் வீட்டுச் சுவரில் அலவாங்கு என்ற இரும்புப் பாரையால் தட்டினார்கள். ரோஸ் நிறப் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. கூரையிலிருந்து தரை வரை வெடிப்பு. கோயிலில் இருந்து ஓடிவந்த புஷ்பம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.  இருட்டுமுன் இரண்டு லயமும் காலியானது.

மலை விழவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட கதைகளில் கடைசியில் மலை விழும், சொன்னவள் பெரியவள் ஆவாள். அன்றும் விழவில்லை, அந்த மழையிலும் விழவில்லை, இதை எழுதுகிற இன்றுவரை விழவில்லை. மழை விட்ட பிறகு கல் சேர் ஏறிப் பார்த்தார். லயத்துக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு அடியில், ஒரு சாண் அகலத்துக்கு நிலம் பிளந்து கிடந்தது. வரலாம், வராமலும் விடலாம் என்றார். இரண்டு லயத்திலும் இனி யாரும் குடியிருக்கக்கூடாது என்று முடிவானது.

குடும்பங்கள் ஸ்கூல் ஹோலுக்குப் போயின. பரீட்சைக்கு ஹோல் வேண்டும் என்றதும் தோட்டத்தின் பழைய ஸ்டோருக்கு மாற்றினார்கள். புஷ்பத்தின் மகள் அங்கிருந்துதான் பரீட்சைக்குப் போனாள். கணக்கில் தவறினாள். அடுத்த வருடம் திரும்ப எடுத்துத்தான் தேறினாள். மறைத்த மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் புஷ்பம்தான் சொல்லிக் கெடுத்தது என்றார்கள். கீழ் லயத்துக்காரர்கள் எங்களிடம் மறைத்தாயே என்றார்கள். ஆக இரண்டு பக்கமும் பேச்சில்லை. நான் இரண்டு தடவை போன் எடுத்தேன். என் நம்பரைக் கண்டதும் கட் பண்ணிவிட்டார். மூன்றாவது தடவை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாக்கை மீறினேனே என்று நான் வருந்துகிறேனா என்று கேட்டால், இல்லை. கீழே பத்துக் குடும்பம் இருந்தது. நாளைக்கு நீங்கள் அந்தக் கதிரையில் இருந்தாலும் மீறுங்கள் என்றுதான் சொல்வேன். நான் வருந்துவது வேறொன்றுக்கு. அலுவலருக்கு எடுக்குமுன் புஷ்பத்துக்கு எடுத்து, நான் சொல்லப்போகிறேன் புஷ்பம், உங்கள் நம்பரையும் சொல்லப்போகிறேன் என்று ஒரு நிமிடம் பேசியிருக்கலாம். திட்டியிருப்பார், அழுதிருப்பார். அதைக் கேட்கப் பயந்துதான் நான் எடுக்கவில்லை. அவர் அதைத் தன் வீட்டுச் சுவரில் அலவாங்கு விழும்போது தெரிந்துகொண்டார்.

அடுத்த வருடமே சம்மதப் பத்திரத்தை மாற்றினேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லுவோம், ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவரிடம் சொல்லுவோம் என்று அதில் இப்போது இருக்கிறது. அதை வாசித்தால் ஆட்கள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று நெறிமுறைக் குழுவில் ஒருவர் எதிர்த்தார். கொஞ்சம் குறைவாகத்தான் திறக்கிறார்கள், உண்மைதான். துறைக்கு ஒரு அத்தியாயம் என்பதையும் நிறுத்தினேன். வீட்டுக்கு ஒரு தாள். சுவரைப் பார்த்தவரும் குசினியில் உட்கார்ந்தவரும் ஒரே தாளில்தான் எழுதவேண்டும். பஸ்ஸில் கலந்து உட்காரச் சொல்லியும் பார்த்தேன். அது மட்டும் நடக்கவில்லை, நீங்கள் முயன்று பாருங்கள்.

இதெல்லாம் செய்தபிறகும் மழை வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பன்வில என்ற சொல் செய்தியில் வருகிறதா என்று போனைத் தடவிக்கொண்டே இருப்பேன். ஒரு வருடம், பெருமழையில், அந்த மலை இந்தத் தடவை விழுந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். ஆளில்லாத லயம்தானே, விழுந்தால் நான் சொன்னது சரியாகிவிடும். நினைத்தது இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். சரியாக இருக்கவேண்டும் என்ற ஆசை மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் ரிஸ்வானா போன் எடுத்தாள். அவள் இப்போது கண்டியில் வேலை செய்கிறாள். அந்தக் குடும்பங்களுக்குத் தோட்டத்தின் மறுபக்கம் சமதரையில் தனி வீடுகள் கிடைத்துவிட்டன, புஷ்பம் அக்கா உங்களை வரச் சொன்னார் என்றாள். திட்டத்தான் கூப்பிடுகிறாரோ என்று பஸ்ஸில் போகும்போது கவலை. ஆளை வரவழைத்து வாய்முட்டத் திட்டுகிற பழக்கமும் எங்கள் பக்கத்தில் உண்டு.

இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சிறிய வீடு. சுவர் ரோஸ் நிறம்தான். புஷ்பம் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாளாம். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

“கோவம் இருக்கு மிஸ். இல்லன்னு சொன்னா அது பொய்.”

இருக்கட்டும் என்றேன். அன்றைக்கு உங்களிடம் சொல்லிவிட்டுச் சொல்லியிருக்கவேண்டும், பயந்துவிட்டேன் என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வாங்க என்று கூப்பிட்டார்.

ஜன்னலுக்குக் கீழ் மூலையில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. புதுச் சாந்து காயும்போது வருகிற வெடிப்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. வீடெங்கும் பெயிண்ட் அடித்திருந்தது. அந்த இடத்தை மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பூசாமல் விட்டு, அது நீளுகிறதா என்று பார்க்க வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

“இத மட்டும் பூசல,” என்றார். “நீங்க வந்தா காட்டணும்னு விட்டு வச்சிருக்கேன்.”

 கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன். மகளின் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குனிந்து, அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.